மூன்று முகங்களுக்கு ஒரு குரல்

அன்பு மகளுக்கு,

அல்லாஹ்வின் அமைதி உன்மேல் நிலவட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நீ பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறாய். இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் கடிதப் போக்குவரத்தா என்று யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். மீறிப் பேசினாலும், இப்போது என் தொண்டையிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு நீ முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய். நேற்று நீ வாசற்படியில் நின்று பேசியதற்கு நான் பதில் சொல்லாமல் எழுந்து போனேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. உள்ளே தேடிப் பார்த்தேன், பதில் என்று எடுத்துக் கொடுக்க ஒன்றும் அகப்படவில்லை. எழுதினால் ஏதாவது வரும் என்று பேனாவை எடுத்தேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன்னிடம் பாதிதான் சொன்னேன். போன வாரம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துக்கொண்டு, காம்பு நீண்ட ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கை கழுவினார். கழுவிக்கொண்டே சொன்னார். குரல்வளையில் புற்று, அதை அறுத்து எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம், மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், சாப்பிடலாம், நடக்கலாம், வேலைக்குப் போகலாம், பேச மட்டும் முடியாது. ஷாபான் மாதம் மகளுக்கு நிக்காஹ், அதுவரை பொறுக்கலாமா என்று கேட்டேன். அதுவரை பொறுத்தால் கட்டி கழுத்துக்கு இறங்கிவிடும், அப்புறம் அறுத்தும் பிரயோஜனம் இல்லை என்றார். இதையெல்லாம் அவர் தாழ்ந்த குரலில், வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டுச் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த ஆளுக்கு மைக் பிடிக்கத் தெரியும்போல் இருக்கிறதே என்று. என் உயிரைப் பற்றிப் பேசுகிறவரின் குரலை எடைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழும்பூரில் ரயில் ஏறும் முன் மிளகாய்த் தூள் போட்ட கொய்யாக்காய் வாங்கினேன். முழுதும் தின்றேன், ருசியாகத்தான் இருந்தது. செங்கற்பட்டு ஏரி வந்ததும் எல்லோரையும்போல் ஜன்னலில் எட்டி எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தேன். உன் அம்மாவிடம் சொன்னபோதும் தெருக்காரர் யாருக்கோ வந்த வியாதியைச் சொல்வதுபோல் சொல்லி முடித்தேன். அன்றிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தட்டிப் பார்ப்போமே, தட்டுவது தெரியும், வேறொன்றும் தெரியாது. அப்படி இருக்கிறது.

நிக்காஹை முன்னால் இழுத்து வைத்துக்கொள்ளலாமே என்று உன் தாய்மாமா கேட்டார். மாப்பிள்ளை பினாங்கில் இருக்கிறார். லீவு கிடைத்துக் கப்பல் ஏறி அவர் இங்கே வந்து இறங்குவதே ஷாபானில்தான். தள்ளி வைத்தால் அடுத்த லீவுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே நிக்காஹ் நகராது, வியாதியும் காத்திருக்காது. என் குரலை இப்போதே கொடுத்துவிடுவதா, அல்லது அதை நிக்காஹ் சபையில் உபயோகித்துவிட்டுப் பிறகு அதோடு உயிரையும் சேர்த்துக் கொடுப்பதா என்பதுதான் இந்த வீட்டில் ஒரு வாரமாக யாரும் சத்தமாகக் கேட்காத கேள்வி. நேற்று நீ கேட்டாய்.

சபையில் பெண்ணின் தகப்பன், என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் முக்கால்வாசித் தகப்பன்மார் கூச்சப்பட்டு அந்தப் பொறுப்பைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். உன் மாமனார் சம்பந்தம் பேச வந்த அன்றைக்கே, நகை பற்றிக் கேட்கவில்லை, சீர் பற்றிக் கேட்கவில்லை, இதைத்தான் கேட்டார். ஹஜ்ரத் துஆ ஓதட்டும், கொடுத்தேன் என்கிற சொல் மட்டும் உங்கள் வாயால் மைக்கில் வர வேண்டும் என்றார். கடப்பாக்கத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஜனங்கள் அதைக் கேட்கவே வருவதாக இருக்கிறார்கள். ஒரு கருவாட்டு வியாபாரிக்கு என் குரல்மேல் அப்படி என்ன மோகம் என்பது உனக்கு அரைகுறையாகத் தெரியும். நீ அந்த வீட்டுக்குப் போகப் போகிறவள், முழுதும் தெரிந்துகொள்வது நல்லது.

நீ பாவாடை கட்டிக்கொண்டிருந்த காலம்வரை நான் பஜாரில் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரு பொதுக்கூட்டத்துக்கு மைக் செட்காரர் ஆள் கூட்டி வராமல் போனதால் என்னைப் பிடித்து அறிவிப்புச் சொல்லச் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர்தான் என்னை ஊர் ஊராகப் போய் அமெரிக்கப் படம் காட்டும் வண்டிக்கு அழைத்துப் போனார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷும் இந்தத் தொண்டையும் இருந்தால் போதும் என்றார்கள். மற்றப் படங்கள் தமிழ் பேசிக்கொண்டே வந்துவிடும். கோழி வளர்ப்பு, மலேரியாக் கொசு, கிணறு வெட்டுவது எல்லாம் அப்படி. அமெரிக்க ஜனாதிபதிகள் பேசும் ரீல் மட்டும் இங்கிலீஷில் வரும். வண்டியை ஜனங்களுக்குப் பின்னால் நிறுத்தியிருப்போம். நான் புரொஜக்டருக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்து, இடது கையைச் சத்தம் குறைக்கும் குமிழில் வைத்துக்கொண்டு, வலது கையில் மைக்கைப் பிடித்திருப்பேன். ஜனாதிபதி வாயைத் திறந்ததும் குமிழைத் திருகி அவரை அடக்கிவிட்டு நான் தொடங்குவேன். ஒலிபெருக்கி திரைக்குப் பக்கத்தில் இருக்கும். கேட்கிறவனுக்கு அந்த வெள்ளைக்காரர் வாயிலிருந்தே தமிழ் வருவதுபோல் இருக்கும்.

வண்டி நிற்கும் பட்டணத்து ஷெட்டில் ஒவ்வொரு ரீலையும் முன்கூட்டியே போட்டுப் போட்டுக் கேட்பேன். அதனால் அந்த மனிதர்களின் குரல் எனக்கு என் அண்ணன் தம்பி குரலைவிட நன்றாகத் தெரியும். முதலாமவர் நான் வேலைக்குச் சேரும் முன்பே காலமாகிவிட்டவர், பழைய ரீல்களில் இருந்தார். உட்கார்ந்தே பேசுவார், அல்லது மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நடந்து நான் பார்த்ததில்லை. கால் விளங்காதவர் என்று பிற்பாடு படித்தேன். ஆனால் அந்தக் குரல் நடந்து வந்து உன் பக்கத்தில் உட்காரும். சாப்பாடு முடிந்து கதவைச் சாத்திவிட்டு, இந்த மாதம் வீட்டில் கொஞ்சம் கஷ்டம்தான், பயப்படாதீர்கள் என்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்கிற வீட்டுப் பெரியவரின் குரல் அது. கோடி ஜனம் கேட்கிறது என்று தெரிந்தும் ஒருத்தரிடம் பேசுகிறமாதிரியே பேசுவார். அவசரமே கிடையாது. முக்கியமான சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிற்பார், நாமும் சேர்ந்து நிற்போம்.

அவருக்குப் பின் வந்தவர் இதற்கு நேர் எதிர். காகிதத்தைக் கையில் கொடுத்தால் கணக்கப்பிள்ளை இருப்புச் சொல்வதுபோல் வாசிப்பார். மூக்கால் வருகிற வறண்ட குரல். வாக்கியத்தின் வால் சப்பென்று விழும். இரண்டு கையையும் சேர்த்து வைத்து மேலும் கீழும் கறி வெட்டுகிறமாதிரி வெட்டுவார், பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. பிறகு ஒரு ரீலில் ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு, காகிதம் இல்லாமல், ஸ்டேஷனுக்கு வந்த ஜனங்களோடு சண்டைக்காரர்மாதிரிப் பேசினார். அதே வறண்ட குரல்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஆணி அடித்ததுபோல் நின்றது. காகிதத்தில் அழகாக எழுதிக் கொடுத்ததை வாசித்தால் பொய்யனாகத் தெரிந்தவர், தன் பாட்டுக்குப் பேசினால் மெய்யனாகத் தெரிந்தார். இதை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், போகிற இடத்தில் ஆரம்பத்தில் நல்ல மருமகள் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசிப் பார்ப்பாய், எல்லாப் பெண்களும் செய்வதுதான். உனக்கு அது பொருந்தாது. ஒரு வாரத்திலேயே அதை விட்டுவிடு.

இப்போது இருப்பவர் பட்டாளத்திலிருந்து வந்தவர். சிரித்தால் எல்லோருக்கும் பிடிக்கும். பேச்சை ஆரம்பிப்பார், நடுவில் வேறு எங்கோ திரும்புவார், அங்கிருந்து இன்னொன்று, கடைசியில் எங்கே ஆரம்பித்தோம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மொழிபெயர்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. சின்ன வயதில் நீ என்னை நச்சரிப்பாயே, மூன்று பேரில் யார் நன்றாகப் பேசுவார், அத்தா என்று. முதலாமவர், அடுத்தவர், கடைசியில் இவர் என்று வரிசை சொல்வேன். பட்டாளத்துக்காரருக்குப் பேச்சு வராது என்று நீ பள்ளிக்கூடத்தில்கூடப் போய்ச் சொல்லி வைத்தாய்.

அவர்கள் எப்படிப் பேசினால் என்ன, திருவிடந்தையிலும் மாமல்லபுரத்திலும் கடப்பாக்கத்திலும் மூன்று பேரும் என் குரலில்தான் பேசினார்கள். அது மேடைப் பேச்சின் காலம். பேச வருகிறவன் அடுக்கி அடுக்கிப் பேசாவிட்டால், கடலலை, எரிமலை என்று நாலு சொல் போடாவிட்டால், ஜனங்கள் அவனை மதிக்க மாட்டார்கள். கோதுமைக் கப்பலைப் பற்றி ஜனாதிபதி சாதாரணமாக ஏதோ சொன்னால், நான் பசி என்னும் பகைவனைப் பாரினின்றும் விரட்டுவோம் என்பேன். மணலில் உட்கார்ந்திருக்கிற கூட்டம் கை தட்டும். ஊருக்கு ஊர் எனக்கு ஜனாதிபதி பாய் என்று பேர். டீக்கடையில் காசு வாங்க மாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மகளே. துணி கிழித்துக்கொண்டிருந்தவனுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

இதில் நடந்த வேடிக்கை என்னவென்றால், கடப்பாக்கத்தில் பாதி ஊர் அந்த மூன்று பேரையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று வருஷக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தது. குரல் ஒன்றாக இருக்கிறதே, வேறு எப்படி இருக்க முடியும்? மூத்தவர் உட்கார்ந்தே இருப்பவர், அவர் மவுத்தானதும் நடுத் தம்பி வந்தார், இப்போது கடைசித் தம்பி. ராஜாங்கம் அண்ணனிடமிருந்து தம்பிக்கு வருவது அவர்களுக்குப் புதிதும் இல்லை. உன் மாமனார் இந்தக் கட்சிக்குத் தலைவர். நடுத் தம்பி முகத்தில் குடும்பக் களை இல்லையே என்று ஒருவன் சந்தேகப்பட்டபோது, முகம் தாயைக் கொண்டது, குரல் தகப்பனைக் கொண்டது என்று அவர்தான் தீர்ப்புச் சொன்னாராம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. போன கோடையில்தான் தெரிந்தது.

அப்போதே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. அதிமதுரமும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்து வந்தேன். அன்றைக்குக் கடப்பாக்கத்தில் இடிந்த கோட்டைக்குப் பக்கத்து மணலில் சவுக்குக் கழி நட்டுத் திரை கட்டியிருந்தோம். வழக்கம்போல் பாதி ஜனம் முன்னால், பாதி ஜனம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் படம் ஆரம்பித்தது. பட்டாளத்துக்காரர் வந்தார், நான் குமிழைத் திருகிவிட்டு வாயைத் திறந்தேன். இரண்டு வாக்கியம் வந்தது. மூன்றாவதில் காற்றுதான் வந்தது. இருமிப் பார்த்தேன், தண்ணீர் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திரையில் அவர் வாய் அசைந்துகொண்டிருக்கிறது, கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. வேறு வழி தெரியாமல் குமிழை முழுக்கத் திறந்துவிட்டேன்.

அந்தக் கரையில் முதல் தடவையாக அந்த மனிதரின் சொந்தக் குரல் கேட்டது. அது அவருக்கு உடம்புக்கு வந்த பிறகு எடுத்த ரீல். மூளையில் ஏதோ அடைப்பாகிப் பேச்சுத் தடுமாறிப் போய், கொஞ்ச நாளில் தேறி வந்தார் என்று பத்திரிகையில் படித்தோமே. தேறிவிட்டார்தான். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிடுவார். ஷெட்டில் கேட்டபோதே எனக்கு அந்த இடம் தெரியும். மற்ற ஊர்களில் அந்தப் பள்ளத்தின்மேல் நான் நாலு அடுக்குச் சொல்லைப் பரப்பி மூடிவிடுவேன், விழுந்ததே தெரியாது. அன்றைக்கு மூட ஆள் இல்லை. அவர் நின்றார். கண் ஒரு பக்கமாகப் போயிற்று. உலகத்திலேயே பெரிய ராஜ்யத்தை ஆள்கிறவர், கேமரா முன்னால், ஒரு சின்னச் சொல்லைத் தேடிக்கொண்டு நின்றார். கைக்கு அகப்பட்ட வேறு எதையும் போட்டு நிரப்பவில்லை. கூட்டமும் பேசாமல் காத்திருந்தது. ஒரு சொல்லும் புரியாத பாஷை, ஆனால் ஆள் எதையோ தேடுகிறார் என்று அத்தனை பேருக்கும் புரிந்திருந்தது. பிறகு அந்தச் சொல் கிடைத்தது, அவர் மேலே போனார். முன்வரிசையில் ஒரு மீன்காரம்மாள் பெருமூச்சு விட்டது வண்டிவரைக்கும் கேட்டது.

ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உன் மாமனார் எழுந்து வண்டிக்கு வந்துவிட்டார். அப்போது அவர் எனக்கு யாரோ. "கடசித் தம்பிக்குக் கொரலு மாறிப் போச்சே, உடம்பு எதுனா சரியில்லியா?" என்று டிரைவரைக் கேட்டார். அது மாறவில்லை, அவருக்கு உள்ளதே அதுதான், இத்தனை காலம் பேசினது இந்த பாய் என்று டிரைவர் என்னைக் காட்டினான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ மூணு பேரும் அண்ணன் தம்பி இல்லியா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஏமாற்றிவிட்டாய் என்று சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சுக்குக் காப்பி கொடுத்து, எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். அடுத்த மாதம், என் குரல் பாதி திரும்பியிருந்த சமயம், உன்னைப் பெண் கேட்டு வந்தார். உன் சம்பந்தம் என் குரலால் வந்தது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். என் குரல் அற்றுப்போன அன்றைக்கு வந்த சம்பந்தம் அது.

அதற்குப் பிறகு எனக்கு அந்த வரிசை மாறிவிட்டது. பட்டாளத்துக்காரரை முதலில் வைக்கிறேன். நீ கல்யாணமாகிப் போகிற வீட்டில் உனக்கும் சில இடங்களில் சொல் கிடைக்காது. உன் கணவர் வருஷக்கணக்கில் கடல் தாண்டி இருப்பவர், வந்து நிற்கும்போது முதல் பத்து நாள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. பயந்துபோய் எதையாவது பேசி நிரப்பாதே. நில். அவரும் நிற்பார். இதைவிட நல்ல புத்தி என்னிடம் இல்லை.

இனி இந்த வாரத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே நான் நிக்காஹ் முடியட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். தைரியம் என்று நினைக்காதே. குரல் இல்லாமல் நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன், துணி கிழிக்கிறவன்கூட விலையை வாயால்தான் சொல்ல வேண்டும். இருக்கிற கடைசிக் குரலை உன் பேர் சொல்லச் செலவழித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியபோதும் கண்ணில் தண்ணீர் வரவில்லை, கடைக்குச் சாமான் எழுதுவதுபோல்தான் இருந்தது. உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "உங்க கொரலையா நான் நிக்காஹ் பண்ணிக்கினு வந்தேன்? ஆளத்தானே பண்ணிக்கினேன்" என்றாள். மேலே புடைக்கத் தொடங்கினாள். உன் அம்மா மேடை ஏறாதது நம் நாட்டுப் பேச்சாளர்கள் செய்த புண்ணியம்.

அவளிடம் சொல்லாமல் மதுராந்தகம், செய்யூர் வழியாக பஸ் பிடித்துக் கடப்பாக்கம் போனேன். சொன்னபடி மைக்கில் நான்தான் சொல்வேன், ஏற்பாட்டை மாற்ற வேண்டாம் என்று உன் மாமனாரிடம் சொல்லிவிட்டு வருவதாக எண்ணம். கருவாட்டுக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார். பாதி பேச்சிலும் பாதி சைகையிலும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் சுற்றி வளைக்கவில்லை. "பாய், அந்தக் கொரலு எனக்கு வோணாம்னு சொன்னா பொய். கேக்கணும்னுதான் ஆசையா கீது. ஆனா ஷாபான்ல நிக்காவுக்கு வந்துட்டு, பின்னாலயே உங்க மய்யித்தத் தூக்கவும் லாரி வெச்சிக்கினு வர எனக்கு இஷ்டமில்ல" என்றார். அப்புறம் எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன். இவர் என்னை விட்டுவிட்டார், ஆனால் நான் என்னை விடவில்லை. நிக்காஹ் முடியட்டும் என்றேதான் வந்து இறங்கினேன்.

நேற்று நீ வந்து நின்றாய். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புடவையோடு, கையில் தாள் கட்டோடு. "அத்தா, நீங்க பேசாத நிக்காவுல நான் ஒக்காந்துக்குவேன். நீங்க இல்லாத வூட்ட வுட்டுட்டு நான் எங்கயும் போவ மாட்டேன்" என்றாய். ஒரு சொல் உயர்த்தவில்லை, ஒரு சொல் தாழ்த்தவில்லை. நான் எழுந்து போனது எங்கே என்று நீ கேட்கவில்லை, சொல்கிறேன். ஹஜ்ரத் வீட்டுக்குப் போனேன். பேச்சு இல்லாதவன் தகப்பனாக நின்று மகளைக் கொடுக்க முடியுமா என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. ஊமையின் சைகை அவன் பேச்சு, எழுத்து அவன் பேச்சு, எனக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிடுங்கள், சபையில் உங்கள் பேரால் நான் சொல்கிறேன், ஒரு குறையும் வராது என்றார். அவர் சொல்லும்போது நான் பெரிய நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சரி என்று மட்டும் இருந்தது. அந்தச் சரி போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

நாளைக் காலை ரயிலுக்குப் போகிறேன். உன் மாமா கூட வருகிறார். கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வாரமே அறுத்துவிடுவார்கள். நீ சொன்னதால்தான் போகிறேன் என்று வைத்துக்கொள், அதில் தப்பில்லை. சபைக்கு வேண்டியதை ஹஜ்ரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் சபைக்கு முன்னால் ஒன்று இருக்கிறது, அதை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. சாட்சிகள் இரண்டு பேரோடு தகப்பன் பெண்கள் இருக்கும் அறைக்கு வந்து, இன்னாருக்கு உன்னைக் கொடுக்கிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும். நம் வீடுகளில் பெண் அதற்குப் பதில் சொல்வது வழக்கமில்லை. முக்காட்டுக்குள் தலை குனிந்திருப்பாள், சுற்றி இருப்பவர்கள் சரி என்றுவிட்டாள் என்பார்கள், சாட்சிகள் திரும்பிப் போய்விடுவார்கள். உன் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னை ஒப்புக்கொண்டாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரிய முதல் பிரசவம்வரை ஆயிற்று.

ஒரு மழை நாளில் குடை கொடுப்பதற்காக உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நீ பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது, நீ கத்தவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசி பெஞ்சுப் பிள்ளைவரை போய்ச் சேர்ந்தது. குடையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்தேன். இத்தனை பேர் குரலை எடைபோட்ட நான் அதை எந்த வரிசையிலும் வைத்துப் பார்க்கவில்லை. உன்னிடம் சொல்லவும் இல்லை. இதை எழுதும்போது பயமாக இருக்கிறது, மகளே. ஒரு வாரமாகத் தட்டித் தட்டிப் பார்த்த இடத்தில் இப்போதுதான் வலி தெரிகிறது.

ஷாபானில் நான் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, சாட்சிகளோடு உன் முன்னால் வந்து நிற்பேன். என்னால் கேட்க முடியாது, நிற்க மட்டும்தான் முடியும். அத்தைமார் உனக்காகச் சரி சொல்ல வாயைத் திறப்பார்கள், விடாதே. கடப்பாக்கத்து ஜனங்கள் வெளியே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும். சம்மதம் என்றால் சம்மதம் என்று நீயே சொல். இல்லை என்றால் அதையும் நீயே சொல். எதைச் சொன்னாலும் நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

உன் அத்தா